நான்கு சொல்லுக்கும் ஒரே ‘பேக்’: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

முதலாண்டு ஆங்கிலத்தில் வாரம் 2 மணி நேரம் நடந்துவந்த அடிப்படைப் பயிற்சியை வரும் பருவத்திலிருந்து நிறுத்திவிட்டு, அந்த நேரத்தையும் தொழில்முறைத் தகவல்தொடர்புத் தாளுக்கே கொடுத்துவிடச் சொல்லும் தங்கள் சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்க வைப்பது பள்ளியின் வேலை, பல்கலைக்கழகத் தரத்துக்கு அது பொருந்தாது என்று காரணமும் சொல்லியிருக்கிறீர்கள். பள்ளியின் வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வேலை முடியாமலே மாணவர் நம் வகுப்பில் வந்து உட்கார்ந்துவிட்டார். அவரை என்ன செய்வது என்று சுற்றறிக்கையில் ஒரு வரி இல்லை. பின்னணியெல்லாம் தாங்கள் அறிந்ததுதான் என்பதால் நேராகவே கேட்டுவிடுகிறோம்: அந்த 2 மணி நேரத்தை எடுக்காதீர்கள். முடிந்தால் 4 ஆக்குங்கள்.

முதலாண்டு மாணவரின் ஆங்கிலப் பாடநூலைப் புரட்டினால் அச்சு வரிகளுக்கு மேலே பென்சிலில் பொடியாகத் தமிழ் எழுத்து ஓடுவதைப் பார்க்கலாம். அர்த்தம் அல்ல, உச்சரிப்பு. வகுப்பில் எழுப்பி வாசிக்கச் சொன்னால் மானம் போய்விடக் கூடாதே என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டு எழுதிக்கொண்டது. வாசிக்கும்போது கண் அந்தப் பென்சில் வரியிலேயே போகும். கீழே உள்ள ஆங்கிலத்தில் படாது. பையும் ‘பேக்’, முதுகும் ‘பேக்’, மூட்டை கட்டுவதும் ‘பேக்’, ரொட்டி சுடுவதும் ‘பேக்’. ஆங்கிலத்தில் அவை நான்கு ஒலிகள், நான்கு எழுத்துக்கூட்டுகள், நான்கு பொருள்கள். தமிழில் ‘பல்’லில் வரும் அதே பகரம்தான் ‘தம்பி’யில் வேறு மாதிரி ஒலிக்கிறது. எங்கே வருகிறது என்பதைப் பொறுத்து நாக்கு தானாக மாற்றிக்கொள்வதால் அதற்குத் தனி எழுத்து நமக்குத் தேவைப்படவில்லை. ஆங்கிலத்திலோ அந்த வித்தியாசத்தில்தான் பொருளே இருக்கிறது. பென்சில் வரி அதைத்தான் முதலில் அழிக்கிறது. இந்தப் பென்சில் வரியோடு 12 ஆண்டுகளைக் கடந்து வந்தவருக்குப் புதிய தாளின் முதல் அலகாக நாம் வைத்திருப்பது, குழு விவாதத்துக்குத் தலைமை ஏற்பது எப்படி என்பது.

பென்சில் துணை இல்லாதபோது மாணவர் முதல் எழுத்தையும் சொல்லின் நீளத்தையும் பார்த்து ஊகிக்கிறார். ‘ஃபார்ம்’ இருக்கும் இடத்தில் ‘ஃப்ரம்’ வரும், ‘குவயட்’ இருக்கும் இடத்தில் ‘குவைட்’ வரும். இது சோம்பல் அல்ல. அவருக்கு 26 எழுத்துகளின் பெயர்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். அவை எழுப்பும் ஏறத்தாழ 44 ஒலிகளைச் சொல்லிக்கொடுக்கவில்லை. ‘சி’ என்பது எழுத்தின் பெயர். அது ஓரிடத்தில் ‘க்’ என்றும் இன்னோரிடத்தில் ‘ஸ்’ என்றும் ஏன் ஒலிக்கிறது என்பதை 15 நிமிடத்தில் விளக்கிவிடலாம்: பின்னால் ‘இ’, ‘ஐ’, ‘ஒய்’ என்ற எழுத்துகள் வந்தால் பெரும்பாலும் ‘ஸ்’, மற்ற இடங்களில் ‘க்’. சொல்லின் கடைசியில் சத்தமில்லாமல் நிற்கும் ‘இ’ முன்னால் உள்ள உயிரொலியை மாற்றிவிடும் என்பதை ‘கிட்–கைட்’, ‘பின்–பைன்’, ‘ஹாப்–ஹோப்’ என்று ஜோடி ஜோடியாகக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால், ஒரே வகுப்பில் அதுவரை கண்டிராத 30, 40 சொற்களை மாணவர் தானாக வாசிப்பார். இறந்தகால விகுதியை எல்லா இடத்திலும் ‘எட்’ என்று இழுக்காமல், ‘வாக்ட்’டில் ‘ட்’ வன்மையாகவும் ‘பிளேய்ட்’டில் மென்மையாகவும் ஒலிக்கும், ‘வான்டெட்’டில் மட்டும் தனி அசையாக வரும் என்று காட்ட இன்னொரு வகுப்பு. விதிவிலக்குகள் ஏராளம்தான். விதியே தெரியாதவருக்கு விதிவிலக்கு ஒரு கவலையே இல்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். இதையெல்லாம் ஆப்பிள் படமும் பந்துப் படமும் போட்ட குழந்தைப் புத்தகத்தை வைத்து நடத்தினால் 18 வயதுக்காரர் மறுநாள் வகுப்புக்கு வரமாட்டார். ஒலி அடிப்படையானதாக இருக்கட்டும். வாசிக்கும் விஷயம் அவர் வயதுக்கு ஏற்றதாக இருக்கட்டும். மருந்து அட்டை, விண்ணப்பப் படிவம், ஆய்வகத்தில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைப் பலகை போதும்.

அடுத்தது வாக்கியம். ‘டிட் யூ வென்ட்?’ என்று கேட்கும் மாணவரைப் பார்த்து சிரிக்கிறோம். ‘போனாயா’ என்பதில் காலமும் வினைக்குள்ளேயே இருக்கிறது, கேள்வியும் கடைசியில் ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் காலம் வினையை விட்டுக் கழன்று ‘டிட்’டில் ஏறிக்கொள்கிறது, வினை வெறுமனே ‘கோ’ என்று நிற்க வேண்டும். இதை ஒருவரும் பிரித்துக் காட்டாததால் மாணவர் பத்திரமாக இரண்டு இடத்திலும் காலத்தைப் போட்டு வைக்கிறார். ‘அவன் மாணவன்’ என்றால் நமக்கு வாக்கியம் முடிந்தது. நடுவில் ஒரு ‘இஸ்’ ஏன் வேண்டும் என்பது அவருக்குப் புரிவதில்லை. புரியாததை ஈடுகட்ட ‘ஐ ஆம்’ என்பதை ஒரே சொல்லாக மனப்பாடம் செய்து ‘ஐ ஆம் கோ’, ‘ஐ ஆம் அக்ரீ’ என்று எல்லா இடத்திலும் நடுகிறார். மேசையில், வீட்டில், நிறுத்தத்தில் என்று நமக்கு ஒரே ‘இல்’; அங்கே ‘ஆன்’, ‘இன்’, ‘அட்’ என மூன்று, அதுவும் பெயருக்கு முன்னால். இந்த மூன்று சிக்கல்களையும் வாய்ப்பயிற்சி, சொல்வதெழுதுதல், சொந்த வாக்கியம் என்ற வரிசையில் எடுத்தால் 12 வகுப்புகள் ஆகும். தங்கள் பாடத்திட்டம் 12 காலங்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு வகுப்பு ஒதுக்கி, அதற்கு மீள்பார்வை என்று பெயரும் வைத்திருக்கிறது. பார்த்திராததை மீண்டும் பார்ப்பது எப்படி?

பாடத்திட்டத்தின் முதல் பக்கத்தில் மாணவர் அடையவேண்டியது பி2 நிலை என்று இருக்கிறது. ஐரோப்பிய அவை 2001-இல் வெளியிட்ட மொழித்தர அளவுகோலின் ஆறு படிகளில் அது நான்காவது. கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பு சொல்லும் தோராயக் கணக்குப்படி இரண்டாவது படியான ஏ2-ஐ எட்டவே ஆசிரியர் துணையோடு 180 முதல் 200 மணி நேரம் வேண்டும். பி2-க்கு ஆரம்பத்திலிருந்து 500 முதல் 600. நாம் தருவது வாரம் 4 மணி, 15 வாரம், 2 பருவம்: மொத்தம் 120. இதில் வகுப்பில் 72 பேர். 50 நிமிடப் பாடவேளையில் வருகைப்பதிவுக்கு 8 நிமிடம் போக, எல்லாரும் ஒருமுறை வாய்திறக்க ஆளுக்குக் கிடைப்பது 35 விநாடி. அதுவும் ஆசிரியர் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால்.

பாடநூலில் இருக்கும் உரைநடையும் அப்படித்தான், மாணவருக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. மொழி கற்றல் ஆய்வாளர்களான ஹூ, நேஷன் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், 100 சொல்லில் 98 தெரிந்தால்தான் பெரும்பாலோருக்கு ஒரு கதை துணையின்றிப் புரிகிறது என்று கண்டார்கள். 80 மட்டும் தெரிந்தவர்களில் ஒருவருக்குக்கூடப் போதிய அளவு புரியவில்லை. ஐந்தில் ஒரு சொல் இருட்டு என்றால் கதையே இருட்டு. நம் மாணவருக்கு முதலில் வேண்டியது மிக அதிகமாகப் புழங்கும் 2000 சொற்கள். வாரம் 40 புதுச் சொல், பழையவற்றை 1, 3, 7, 21 நாள் இடைவெளியில் மீண்டும் காட்டுவது என்று போனால் இரண்டு பருவத்தில் அதில் பாதியையாவது கடந்துவிடலாம்.

தேர்வைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வழிகாட்டி நூலிலிருந்து கவிதையின் மையக்கருத்தை இரண்டு பக்கம் பிழையின்றி எழுதி முதல் வகுப்பில் தேறும் மாணவருக்கு, துறைத்தலைவரிடம் இரண்டு நாள் விடுப்புக் கேட்டு ஐந்து வரி எழுத வருவதில்லை. தேர்ச்சி விகிதம் குறைந்தால் எங்களிடம் விளக்கம் கேட்கிறீர்கள்; இப்படித் தேறுவதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. இறுதியாண்டில் வெளியிலிருந்து பயிற்சியாளரை வரவழைத்து இரண்டு நாளில் ஆளுமையை மலரச் செய்கிறோம். மொழி ஆய்வகத்தில் 30 ஹெட்போன்கள் உறை பிரிக்காமல் இருக்கின்றன. சாவி யாரிடம் என்பதைக் கண்டுபிடிப்பதையே ஒரு திறன் பயிற்சியாக வைக்கலாம். மன்னிக்கவும், கேட்க வந்தது இது அல்ல.

கேட்க வந்தது அந்த 2 மணி நேரத்தைத்தான். எல்லாருக்கும் வேண்டாம், தேவைப்படுபவருக்கு மட்டும் போதும். சேர்க்கை முடிந்த முதல் வாரத்திலேயே ஒரு நிலையறி தேர்வு வைத்துப் பிரித்துவிடலாம்: 100 சொல் பத்தியை உரக்க வாசிப்பது, 10 சிறு வாக்கியங்களைச் சொல்லச் சொல்ல எழுதுவது, தன்னைப் பற்றி 5 வரி. நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி மட்டும் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே சராசரியாக நூற்றுக்கு 25 மதிப்பெண் வந்துவிடும், யாருக்கு வாசிக்க வரவில்லை என்பது அதில் தெரியாது. பிரித்தவர்களை 25 பேர் கொண்ட குழுக்களாக்கி முதல் பருவம் முழுவதும் ஒலி, வாசிப்பு, அடிப்படை வாக்கியம் இவற்றை மட்டும் நடத்த விடுங்கள். பருவத்தேர்விலும் பாதி மதிப்பெண்ணாவது பார்த்திராத பத்திக்கும் சொந்தமாக எழுதுவதற்கும் ஒதுக்குங்கள். தேர்வில் வராத எதையும் மாணவரும் மதிக்கமாட்டார், வழிகாட்டி நூல்காரரும் மதிக்கமாட்டார்.

சுற்றறிக்கையை நிறுத்தி வைத்து, அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் இதைச் சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம். நிலையறி தேர்வுக்கான 100 சொல் பத்தியை இத்துடன் இணைத்திருக்கிறோம். முடிவெடுக்கும் முன் முதலாண்டு மாணவர் ஒருவரைத் தனி அறையில், கேலி செய்ய யாரும் இல்லாத இடத்தில் அமர்த்தி அதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர் கையில் பென்சில் மட்டும் இருக்க வேண்டாம்.

தங்கள் உண்மையுள்ள,
முதலாண்டு ஆங்கில ஆசிரியர்கள்