ஏலம் விட்ட பிறகு எங்களிடம் என்ன கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் மேலூர் வட்டத்து விவசாயி. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கம் ஏலம் போன செய்தியை 2024 நவம்பரில் பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். அரிட்டாபட்டியும் சேர்த்து 2,015 ஹெக்டேர். ஊரில் ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரிட்டாபட்டியில் ஒரு பகுதியைப் பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று தமிழக அரசு 2022-லேயே அறிவித்திருந்தது. அப்புறம் சுரங்கம் வேண்டாம் என்று கிராம சபைகளில் தீர்மானம், டிசம்பர் 9-ல் சட்டப்பேரவையில் தீர்மானம். ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கானோர் போனோம். ஜனவரி 23-ல் ஏலம் ரத்தானது.

அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் இருந்தோம். ஆனால் 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை வெளியிட்டது. அணுக் கனிமங்களுக்கும், முக்கியக் கனிமப் பட்டியலில் உள்ளவற்றுக்கும் சுரங்கம் தோண்ட மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்கிறது அது. டங்ஸ்டனும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நாளை இதே இடத்துக்கு மறுபடி ஏலம் வந்தால், பெயருக்குக்கூட ஒரு கூட்டம் நடத்த வேண்டியதில்லை.

இதுவரை இருந்த கூட்டமும் குறையே இல்லாதது என்று சொல்ல மாட்டேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கல்குவாரிக்கான கருத்துக்கேட்புக்குப் போயிருந்தேன். சுற்றுச்சூழல் பாதிப்பு பற்றிய முழு அறிக்கை ஆங்கிலத்தில். தமிழில் சில பக்கச் சுருக்கம் மட்டும். பக்கத்தில் நீர்நிலை இல்லை என்று அதில் எழுதியிருந்தார்கள். ஆனால் பக்கத்திலேயே ஒரு கண்மாய் இருக்கிறது. மழைக்காலத்தில் அந்தக் கண்மாய்த் தண்ணீரில்தான் எங்கள் நாற்றங்காலே நனையும். ஒரு பெரியவர் எழுந்து, மடை எங்கே, கலுங்கு எங்கே, எந்த ஓடை வழியாகத் தண்ணீர் வருகிறது என்று வரிசையாகச் சொன்னார். அதிகாரிகள் எழுதிக்கொண்டார்கள். அந்த மனிதர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அந்தக் கண்மாய் காகிதத்தில் இருந்திருக்காது. கருத்துக்கேட்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி கூட்டத்துக்கு 30 நாள் முன்னதாக நாளிதழில் விளம்பரம் வர வேண்டும். ஆட்சியரோ அவர் சார்பில் கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரியோ தலைமை ஏற்க வேண்டும். பேசியவற்றைப் பதிவு செய்து, முடிவில் அந்தக் குறிப்பை உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். இது பலருக்குத் தெரியாது. வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், விடாதீர்கள்.

நாட்டுக்குக் கனிமம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அவசரம் என்றே வைத்துக்கொள்வோம். முன்கூட்டியே ஊரைக் கேட்காமல் போனதால், எங்கள் விஷயத்தில் எல்லாம் முடிந்த ஏலத்தையே ரத்து செய்ய வேண்டி வந்ததே. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் தோண்டும் திட்டத்துக்கு, 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி 12 கிராம சபைகளைக் கேட்டார்கள். பன்னிரண்டும் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. அங்கேயும் பல வருட வழக்குக்குப் பிறகுதான் கேட்டார்கள்.

எனவே அந்தக் குறிப்பாணையை மத்திய அரசு திரும்பப் பெற வேண்டும். கருத்துக்கேட்பு ஏலத்துக்கு முன்பே, அந்தந்த ஊர்க் கிராம சபையில், முழு அறிக்கையும் தமிழில் கையில் இருக்கும்போது நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.