விடுமுறை வகுப்புக்குக் காகிதக் கப்பல் வாங்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா, செயலாளர் அம்மா, குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற விடுமுறை வகுப்பில் பிள்ளைகள் வெட்டி ஒட்டிய காகிதக் கப்பல்கள் கோணிப்போனதை நீங்களே பார்த்தீர்கள், அதை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. அடுத்த வகுப்புக்குப் ‘பிரமாண்டப் போர்க்கப்பல்’ வாங்கப்போவதாக உங்கள் சுற்றறிக்கை வந்திருக்கிறது. அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். வெட்டி ஒட்டும் துண்டுகள் அச்சிட்ட தாள் தொகுப்பு, அதாவது கிட், எதுவாக இருந்தாலும் முதலில் ஒரே ஒரு பிரதி வாங்குங்கள். குழுவில் யாராவது ஒருவர் அதை வெட்டி, மடித்து, ஒட்டி முடிக்கட்டும். அதற்குப் பிறகு மற்றதற்கு ஆர்டர் கொடுங்கள்.

அன்று பிள்ளைகளுக்குக் கொடுத்த இழுவைக் கப்பல், யாரோ ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டதை அச்சிட்டது. அச்சிட்டவர் சில பக்கங்களைத் தாளுக்கு ஏற்றபடி சுருக்கிவிட்டார், மற்றவை அசல் அளவிலேயே வந்துவிட்டன. எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்கியிருந்தால்கூடக் கப்பல் சிறிதாகியிருக்கும், அவ்வளவுதான். இங்கே மேல்தளம் சுருங்கிய பக்கத்தில், பக்கச் சுவர்கள் சுருங்காத பக்கத்தில். முனையில் இரண்டு சுவர்களும் சேர வேண்டிய இடத்தில் ஒரு விரல் நுழையும் இடைவெளி. என் தம்பி மகன் அதை ஒட்டினான், பிரித்தான், மறுபடி ஒட்டினான். பிரித்த இடத்தில் தாள் நார்நாராகக் கிழிந்தது. பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அதே கதிதான், ஆனால் அவன் அதைப் பார்க்கவில்லை. “அத்தை, எனக்குக் கைவேலை வராது” என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலை வைத்தவன், அதன் பிறகு எதையும் வெட்ட உட்காரவில்லை. அவன் கோடு பிசகாமல் வெட்டியிருந்தான். நான் அளந்து பார்த்தேன்.

இதைச் சொன்னபோது குழுவில் ஒருவர், “காகிதம்தானே அம்மா” என்றார். ஆமாம், காகிதம்தான். அதில்தான் பிரச்சினையே. அந்த வகுப்பின் நிறைவு விழா அழைப்பிதழ் நல்ல கனமான பளபள அட்டையில் வந்தது. பிள்ளைகளின் கப்பல் அலுவலகத்தில் நகல் எடுக்கும், சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள மெல்லிய தாளில் வந்தது. நம் மொரீஷியஸின் கியூர்பீப் நகரக் குளிர்காலத் தூறலில் அந்தத் தாள் தானாகவே நெளியும், அதில் வெள்ளைப் பசையும் பட்டால் கேட்கவே வேண்டாம். காகித மாதிரிக்கு 160 முதல் 200 கிராம் வரையுள்ள தாள் வேண்டும், உள்ளே நிற்கும் சட்டகத்தை ஒரு மில்லிமீட்டர் அட்டையில் ஒட்டி வெட்ட வேண்டும். அழைப்பிதழ் அட்டையை மிச்சம் பிடித்துச் சட்டகத்துக்குக் கொடுத்திருந்தாலே ஒரு கப்பலாவது நிமிர்ந்து நின்றிருக்கும்.

இப்போது போர்க்கப்பல் என்கிறீர்கள். சுற்றறிக்கையில் இருக்கும் படம் கணினியில் வரைந்தது. யாரோ ஒருவர் கையால் ஒட்டி முடித்த மாதிரியின் புகைப்படம் அதில் ஒன்றுகூட இல்லை. அப்படி ஒரு படம் இல்லாத கிட்டைப் பழகியவர்களே யோசித்துத்தான் வாங்குவார்கள். 1:200 அளவில், அதாவது அசலில் இருநூறில் ஒரு பங்காக வரும் பெரிய போர்க்கப்பல்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் இருக்கும். பீரங்கிக் குழாய் ஒவ்வொன்றும் தீக்குச்சி மொத்தத்துக்குச் சுருட்ட வேண்டியது. பத்து வயதுப் பிள்ளை முதல் தடவையாக அதில் கை வைக்க வேண்டுமா?

நல்ல கிட்டுக்குப் பஞ்சமில்லை. போலந்தில் 1957 முதல் இதற்கென்றே ‘மாவி மொடெலாஷ்’ என்று ஓர் இதழ் வந்திருக்கிறது. ஜெர்மனியின் எஸ்லிங்கனில் 1831இல் தொடங்கிய ஷ்ரைபர் பதிப்பகத்தின் பெயரில் வரும் தாள்களில் வீடு, கோட்டை, கப்பல் என்று எல்லாம் உண்டு, எது எளிது எது கடினம் என்ற குறிப்போடு. கையில் பணமில்லை என்றால் கேனன் நிறுவனத்தின் ‘கிரியேட்டிவ் பார்க்’ இணையதளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். கனத்த தாளில், அளவை நூறு சதவீதம் என்று வைத்து அச்சிட்டால் போதும். பிள்ளைகளுக்குக் கப்பல்தான் வேண்டும் என்றால் ஜெர்மன்காரர்கள் 1:250 அளவில் போடும் சிறிய படகுகளைப் பாருங்கள். பெரும்பாலும் நீர்மட்டம் வரைதான் இருக்கும், அடிப்பகுதி தட்டை, தண்ணீருக்குக் கீழே வளைகிற உடலை ஒட்டும் தொல்லை இல்லை. என்னைக் கேட்டால் முதல் மாதிரி ஒரு வீடாக இருக்கட்டும் என்பேன். நான்கு சுவர், ஒரு கூரை, மடிப்பு எல்லாம் நேர்க்கோடு. விளக்கம் ஜெர்மன் மொழியில் இருந்தாலும் பரவாயில்லை, படம் தெளிவாக இருந்தால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். கோடுகள் கூர்மையாக இருக்கிறதா, வண்ணம் கோட்டைத் தாண்டி வழிகிறதா என்பதைத் தாளைக் கையில் எடுத்தால்தான் தெரியும். அதற்காகத்தான் ஒரு பிரதி, ஒரே ஒரு பிரதி என்கிறேன்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். மொரீஷியஸ் மரக்கப்பல் மாதிரிகளுக்குப் பேர்போன நாடு. கியூர்பீப், ஃப்ளோரியால் பக்கத்துப் பட்டறைகளில் வரைபடத்தை விரித்துவைத்துப் பலகை பலகையாக ஒட்டுகிறார்கள், வெளிநாட்டுப் பயணிகள் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அப்படி ஒரு கைவினைஞரை அழைக்க உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வந்த சிறப்பு விருந்தினர் குத்துவிளக்கு ஏற்றினார், தமிழர் கடல் கடந்த பெருமையை வெகுநேரம் பேசினார், மாலையை வாங்கிக்கொண்டு காரில் ஏறினார். பிள்ளைகளின் மேசைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பேனரில் மட்டும் ஒரு கப்பல், அது கோணாமல் நின்றது.

கோபத்தில் கொஞ்சம் எல்லை மீறி எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சம்பளமில்லாமல் உழைக்கிறீர்கள். வார இறுதிகளை எங்கள் பிள்ளைகளுக்காகச் செலவழிக்கிறீர்கள். அதை நான் மறக்கவில்லை. அந்த உழைப்பில் ஒரு மாலைப் பொழுதை மட்டும் ஒரு கிட்டை ஒட்டிப் பார்க்க ஒதுக்குங்கள் என்றுதான் பணிவோடு கேட்கிறேன். பிரதிக்கான பணத்தை நான் தருகிறேன். வெட்டுகிற கத்தியும் பசையும்கூடக் கொண்டுவருகிறேன். போர்க்கப்பலுக்கு ஆர்டர் போவதற்கு முன் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாணவன் ஒருவனின் அத்தை,
ரோஸ்ஹில்