டெர்ம் முடியுற நேரத்துல பெற்றோர்களுக்கு ஒரு கடிதம், முக்கியமா பசுமை ஃபண்ட் பத்தி

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

டெர்ம் முடியப் போகுது. பேப்பர் திருத்துற வேலை ஓடிட்டு இருக்கு, ரிப்போர்ட் கார்டு வழக்கம்போல கடைசி வாரத்துல பசங்க கையில வரும், பாத்துட்டு கையெழுத்து போட்டு அனுப்பிடுங்க. விளையாட்டு விழா நல்லபடியா முடிஞ்சுது, ஜெயிச்சவங்களுக்கும் கலந்துக்கிட்டவங்களுக்கும் வாழ்த்துக்கள். கட்டுரைப் போட்டி, ஓவியப் போட்டி ரெண்டுலயும் நம்ம பசங்க பரிசு வாங்கியிருக்காங்க, பேரெல்லாம் நோட்டீஸ் போர்டுல இருக்கு. சயின்ஸ் கண்காட்சிக்கு நேரம் ஒதுக்கி வந்தவங்களுக்கு நன்றி. லைப்ரரி புக் இன்னும் வீட்ல இருந்தா தயவுசெஞ்சு குடுத்து அனுப்புங்க.

பசுமை கிளப் இந்த டெர்ம்ல நல்லா வேலை பாத்திருக்கு. மரக்கன்னு நட்டது, உரக்குழி போட்டது எல்லாம் நீங்க போட்டோல பாத்திருப்பீங்க. போட்டோல வராத ஒன்ன சொல்றேன். ஏழாம் வகுப்பு பசங்க ஸ்கூல்ல இருக்குற ஒவ்வொரு குழாயா போய் எது ஒழுகுதுன்னு பாத்து, கீழ தண்ணி மொள்ளுற மக்கு ஒன்ன வெச்சு, வாட்ச பாத்து அது நிறைய எவ்ளோ நேரம் ஆகுதுன்னு நோட்டுல எழுதுனாங்க. செகண்டுக்கு ஒரு சொட்டுன்னா ஒரு நாளைக்கு 86,400 சொட்டுன்னு அவங்களே பெருக்கிப் பாத்து போர்டுல எழுதி வெச்சாங்க, அதப் பாத்ததுக்கப்புறம் பிளம்பர கூப்பிடாம என்னால இருக்க முடியல. வாஷர் மாத்துன பிறகு அதே மக்க வெச்சு திரும்ப அளந்து பாத்துட்டுதான் விட்டாங்க. கணக்கு, சயின்ஸ், பொறுப்பு எல்லாம் அந்த ஒரு மக்குக்குள்ள இருந்துச்சு. இத்தனைக்கும் ஆன செலவு ஒரு வாஷரும் பிளம்பர் கூலியும்தான், அதுவும் தோட்டம் மாதிரி பசுமை வேலைக்காக உங்ககிட்ட வாங்குற பசுமை ஃபண்ட்லேருந்துதான் போச்சு.

அந்த ஃபண்ட் பத்திதான் இன்னைக்கு உங்ககிட்ட கொஞ்சம் மனசு விட்டு பேசணும்.

வருஷ ஆரம்பத்துல நாங்க அனுப்புன சர்க்குலர்ல, விருப்பப்பட்டவங்க முடிஞ்சத குடுங்கன்னுதான் கேட்டிருந்தோம். நிறைய பேர் குடுத்தீங்க. சில பேர் குடுக்கல, அது பத்தி ஸ்கூலுக்கு எந்த வருத்தமும் இல்ல. போன மாசம் ஒரு வகுப்போட வாட்ஸப் குரூப்ல யார் யார் குடுத்தாங்க, எவ்ளோ குடுத்தாங்க, யார் இன்னும் குடுக்கலன்னு ஒரு லிஸ்ட் வந்திருக்கு. அத போட்டவங்க கெட்ட எண்ணத்துல போட்டிருப்பாங்கன்னு நான் நினைக்கல, சீக்கிரம் பணம் சேந்தா தோட்டத்துக்கு நல்லதுன்னு ஆர்வத்துல செஞ்சிருப்பாங்க, அந்த வகுப்பு பெற்றோர்கள் தோட்ட வேலைக்கு எவ்ளோ ஒத்தாசையா இருக்காங்கன்னு எனக்கு நல்லா தெரியும். ஆனா அந்த லிஸ்ட் குரூப்போட நிக்கல. பெரியவங்க வீட்ல பேசுறத பசங்க கேட்டுட்டுதான் இருக்காங்க. அடுத்த வாரம் தோட்ட பீரியட்ல ஒரு குழந்தை பூவாளிய எடுக்கப் போனப்ப கூடப் படிக்குற இன்னொரு குழந்தை, "உங்க வீட்ல காசு குடுக்கலல்ல, நீ ஊத்தக்கூடாது"ன்னு சொல்லியிருக்கு. அந்தப் பிள்ளை ஒன்னும் பேசாம பூவாளிய கீழ வெச்சுட்டு கிளாஸ்ல போய் உக்காந்துடுச்சு. டீச்சர் போய் கூப்பிட்டும் அன்னைக்கு வெளிய வரல.

சொன்ன குழந்தைய நான் குறை சொல்ல மாட்டேன், அதுக்கு என்ன தெரியும், காதுல விழுந்தத சொல்லுச்சு. ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா பேசியாச்சு, இப்ப சேந்துதான் தண்ணி ஊத்துறாங்க. ஆனா பெரியவங்ககிட்ட நான் பேசியே ஆகணும்.

இதுல எந்தக் குழப்பமும் வேண்டாம்னு நேராவே சொல்லிடுறேன். பசுமை ஃபண்டுக்கு யார் குடுத்தாங்க குடுக்கலங்குற விவரம் எந்த குரூப்லயும், எந்த வடிவத்துலயும் வரக்கூடாது. ஏற்கனவே போட்ட லிஸ்ட்ட இந்த லெட்டர் கிடைச்ச உடனே எடுத்துடணும், ஃபார்வர்டு பண்ணவங்களும் அழிச்சிடணும். பசங்க கையில குடுத்தோ, பசங்கள விட்டு கேக்க வெச்சோ, கேட்ல நின்னோ யாரும் இதுக்காக பணம் வசூல் பண்ணக்கூடாது. எந்த டீச்சராவது உங்க குழந்தைகிட்ட ஃபண்ட் பத்தி கேட்டா என்கிட்ட சொல்லுங்க, அத நான் பாத்துக்குறேன். இன்னொரு தடவை இப்படி நடந்தா பெற்றோர்கிட்ட பணம் வாங்குறதையே நிறுத்திட்டு இருக்குறத வெச்சு தோட்டத்த நடத்துவேன். கொஞ்சம் கடுமையா இருக்குன்னு தோணலாம், ஆனா ஒரு குழந்தைய வெளிய நிறுத்தித்தான் ஒரு செடி வளரணும்னா அந்தச் செடி நமக்கு வேண்டாம்.

தோட்ட வேலை எல்லாக் குழந்தைக்கும் உரிய பாடம்ங்குறது என்னோட சொந்தக் கருத்து மட்டும் இல்ல. 1989ல ஐ.நா. சபை ஏத்துக்கிட்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கைல 29வது பிரிவு, கல்வி எதுக்காகன்னு சொல்ற இடத்துல, இயற்கைச் சூழல மதிக்குற மனச வளக்குறதையும் ஒரு நோக்கமா எழுதியிருக்கு. அதுக்கு முன்னாடியே 1977ல ஜார்ஜியாவுல இருக்குற திபிலீசில யுனெஸ்கோ நடத்துன மாநாட்டுல சுற்றுச்சூழல் கல்வின்னா என்னென்ன இருக்கணும்னு பேசி, விழிப்புணர்வு, அறிவு, மனப்பான்மை, திறமைன்னு வரிசையா சொல்லிட்டு கடைசியா பங்கேற்பையும் சேத்தாங்க. என்னைக் கேட்டா அந்தக் கடைசி ஒன்னுதான் உயிர். கையில மண்ணு படாம, குழாய்க்கு அடியில மக்கு வைக்காம, புத்தகத்துல இருக்குற பாடத்த மட்டும் படிச்சு பரீட்சை எழுதிடலாம், ஆனா அது மனசுல ஒட்டாது. அதனால தோட்டம், உரக்குழி, மழைநீர் தொட்டி இதெல்லாம் நம்ம ஸ்கூல்ல எக்ஸ்ட்ரா வசதி இல்ல, அது பாடம். கணக்கு கிளாஸுக்கு யாரையும் காசு கேட்டு உள்ள விடுறதில்லையே, இதுவும் அப்படித்தான்.

சரி, அப்புறம் எதுக்கு ஃபண்டுன்னு சில பேர் கேட்டிருந்தீங்க, ஒருத்தர் இது வேற பேர்ல வாங்குற ஃபீஸான்னே கேட்டார். நியாயமான கேள்விதான், கேட்டதுல எனக்கு சந்தோஷம். ஃபீஸ் இல்ல. எதுக்குன்னு விவரமா சொல்றேன்.

ஸ்கூலுக்கு பசுமை வேலைக்காக வெளியிலேருந்து கிடைக்குற உதவி பெரும்பாலும் ஒரே தடவை வர்றது. கன்னு வாங்க, தொட்டி கட்ட, சோலார் பேனல் போடன்னு பொருளுக்கு குடுப்பாங்க, திறப்பு விழா நடக்கும், போட்டோ எடுப்பாங்க. அதுக்கப்புறம் வர்ற செலவ கேக்க ஆள் இருக்காது. மரம் வெச்சவன் தண்ணி ஊத்துவான்னு நாம சும்மா இருக்க முடியாது, ஏன்னா இங்க மரம் வெச்சது நாமதான். நட்ட கன்னுக்கு முதல் ரெண்டு மூணு வருஷம்தான் கண்டம், வேர் ஆழமா இறங்குற வரைக்கும் லீவு நாள்லயும் யாராவது தண்ணி ஊத்தணும், கீழ மண்ணு காயாம சருகு பரப்பி மூடாக்கு போடணும், களை எடுக்கணும். ஜப்பான் தாவரவியல் அறிஞர் அகிரா மியாவாக்கி சொன்ன முறைல நெருக்கமா நட்டு காடு வளக்குறாங்களே, அது தானா வளருதுன்னு நிறைய பேர் நினைக்குறாங்க, அதுலயும் முதல் ரெண்டு மூணு வருஷம் பராமரிப்பு கட்டாயம், அதுக்கப்புறம்தான் தன்னால பாத்துக்கும். போன பெரிய லீவுல வாட்ச்மேன் அண்ணன் தினமும் சாயங்காலம் ஹோஸ் புடிச்சு நின்னதாலதான் மேற்கு சுவத்து ஓரம் இருக்குற கன்னுங்க இன்னைக்கு உயிரோட இருக்கு. அவர் வேலை நேரம் முடிஞ்ச பிறகு செஞ்ச வேலை அது. அதுக்கு நாம கூலி குடுக்கணும், சும்மா வாங்கிக்கக் கூடாது. ஃபண்ட்ல பெரிய செலவே இதுதான்.

மழைநீர் தொட்டியும் அப்படித்தான். நூறு சதுர மீட்டர் மொட்டை மாடில பத்து மில்லிமீட்டர் மழை பெஞ்சா கணக்குப்படி ஆயிரம் லிட்டர், கொஞ்சம் அங்கங்க வீணானாலும் தோட்டத்துக்கு அது பெரிய விஷயம். ஆனா மழைக்கு முன்னாடி மாடிய கூட்டணும், முதல்ல வர்ற அழுக்குத் தண்ணிய வெளிய விடணும், வடிகட்டில இருக்குற மணலையும் ஜல்லியையும் எடுத்துக் கழுவணும், மூடில இருக்குற கொசுவலை கிழிஞ்சா உடனே மாத்தணும். டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு முட்டைலேருந்து கொசுவா மாற ஏழுலேருந்து பத்து நாள் போதும், அதனால வலை கிழிஞ்சிருக்கு அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு விட முடியாது. உரக்குழிக்கு காசு பெருசா ஆகாது, ஆனா கவனம் வேணும். பச்சைக் கழிவு மட்டும் கொட்டுனா நாத்தம் அடிக்கும், காஞ்ச சருகு அத விட அதிகமா சேத்து, அப்பப்ப கிளறி விட்டாத்தான் மக்கும். போன மாசம் பக்கத்து கிளாஸ்லேருந்து வந்த புகார் அதனாலதான், இப்ப சருகு மூட்டை தனியா வெச்சிருக்கோம், நாத்தம் இல்ல.

இதுக்கெல்லாம் நடுவுல ஒரு கம்பெனி மொத்தப் பணத்தையும் தர்றேன்னு வந்தாங்க. பதிலுக்கு தோட்டத்துல அவங்க போர்டும், பசங்க செடி நடுற போட்டோவ விளம்பரத்துல போட அனுமதியும் கேட்டாங்க. போர்டு வேணா யோசிக்கலாம், பசங்க முகத்த குடுக்க முடியாதுன்னு சொல்லிட்டேன், அவங்களும் போயிட்டாங்க. ஏன் விட்டீங்கன்னு சில பேருக்கு வருத்தம் இருக்கலாம். எனக்கு இல்ல.

அடுத்த டெர்ம்லேருந்து சில விஷயத்த மாத்துறோம். ஆஃபீஸ்ல மூடுன பெட்டி ஒன்னு இருக்கும், பேங்க் வழியா அனுப்புறவங்க அப்படியே அனுப்பலாம், யார் எவ்ளோ குடுத்தாங்கன்னு அக்கவுண்டன்ட தவிர யாருக்கும் தெரியாது, வகுப்பு டீச்சருக்கும் தெரியாது. வரவு எவ்ளோ, செலவு எதுக்குன்னு மாசா மாசம் பில்லோட நோட்டீஸ் போர்டுல போடுவோம், யார் வேணா வந்து பாக்கலாம், கேள்வி கேக்கலாம். எதுக்கு முதல்ல செலவு பண்ணணும்னு பசுமை கிளப் பசங்களே மீட்டிங் போட்டு சொல்லுவாங்க, பெரியவங்க சரி பாப்போம். ஸ்கூல்ல சுற்றுச்சூழல் வேலைய பசங்களே முன்ன நின்னு செய்யுறதுக்காக 1994லேருந்து பல நாட்டுல நடக்குற ஈகோ ஸ்கூல்ஸ் திட்டத்துல முதல் வேலையே பசங்க இருக்குற கமிட்டி போடுறதுதான், அத பாத்துதான் இந்த யோசனை வந்துச்சு. இன்னொன்னு, குழாய் சரி பண்ணதாலயும் எல்இடி லைட்டு மாத்துனதாலயும் தண்ணி பில்லு, கரண்ட் பில்லுல என்ன மிச்சமாகுதோ அதுல ஒரு பங்க இந்த ஃபண்டுக்கே திருப்பி விடணும்னு நிர்வாகத்துகிட்ட கேட்டிருக்கேன். பசங்க சேமிச்சுக் குடுத்த பணம் பசங்க தோட்டத்துக்கே வர்றதுதானே முறை. முடிவு தெரிஞ்சதும் சொல்றேன்.

பணம் குடுக்க முடியாதவங்க தயவுசெஞ்சு சங்கடப்படாதீங்க, விளக்கம் சொல்லவும் வேண்டாம். லீவுல வாரம் ஒரு நாள் வந்து தண்ணி ஊத்த முடியுமா, பிளம்பிங் வேலை தெரியுமா, வீட்ல சருகு சேருதா, விதை எடுத்து வெச்சிருக்கீங்களா, பசங்களுக்கு மண்ணப் பத்தி, பறவையப் பத்தி ஒரு மணி நேரம் வந்து பேசுவீங்களா, எதுவா இருந்தாலும் எங்களுக்கு அது பெரிய உதவி. ஒன்னும் முடியலன்னா உங்க பிள்ளைய தோட்ட பீரியடுக்கு பழைய டிரஸ் ஒன்னு குடுத்து அனுப்புங்க, சட்டைல மண்ணோட வீட்டுக்கு வந்தா திட்டாதீங்க, அது போதும்.

இந்த வருஷம் பணமா குடுத்தவங்க, நேரமா குடுத்தவங்க, சனிக்கிழமை காலைல மண்வெட்டியோட வந்து நின்ன அப்பாக்கள், பாட்டிகிட்ட கேட்டு விதைய காகிதத்துல மடிச்சு பேர் எழுதிக் குடுத்து விட்ட அம்மாக்கள், கஷ்டமான கேள்விய என்கிட்ட நேரா வந்து கேட்டவங்க, எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. லிஸ்ட் விஷயத்துல யார் மனசாவது புண்பட்டிருந்தா, குடுத்தவங்களா இருந்தாலும் குடுக்காதவங்களா இருந்தாலும், என்ன வந்து பாருங்க, ஸ்கூல் விட்டதும் ஒரு மணி நேரம் ரூம்லதான் இருப்பேன்.

லீவுல தண்ணி ஊத்த வர்றவங்க பேர எழுத ஆஃபீஸ்ல ஒரு நோட்டு வெச்சிருக்கோம். வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிட்டா யார் எந்த நாள்னு பிரிச்சுக் குடுக்க வசதியா இருக்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்