அண்ணே, இனி உங்கள் வேனில் நான் வரவில்லை

அண்ணே,

பறவை பார்க்க வருபவர்களைக் கூட்டிப்போக, வரும் சீசனுக்கு வேறு பையனைப் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், நானும் சரி என்று விடியப்புறம் வேனில் ஏறிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஹோர்ட்டன் சமவெளியின் அரெங்கா குளத்தில் அன்று நடந்ததுதான் காரணம். மூங்கில் புதரிலிருந்து ஆண் அரெங்கா, அந்தச் சீழ்க்கையடிக்கும் பறவை, வந்து தண்ணீரோரக் கல்லில் நின்றது. தோளில் அந்த நீலம் பளிச்சென்று தெரிந்தது. அலகில் ஒரு குட்டித் தவளை. விழுங்காமல் அப்படியே வைத்திருந்தது. இரையை விழுங்காமல் தூக்கிப் போனால் பக்கத்தில் எங்கோ கூட்டில் குஞ்சு இருக்கிறது என்று எனக்குச் சொல்லித்தந்ததே நீங்கள்தான். படம் இருட்டாக விழுகிறது என்றார் வந்தவர்களில் ஒருவர். உடனே போனை எடுத்து, பதிவுசெய்து வைத்திருந்த அரெங்கா சீழ்க்கையைப் போட்டீர்கள்.

தவளை தண்ணீரில் விழுந்தது. வேறொரு ஆண் தன் இடத்துக்குள் நுழைந்துவிட்டது என்று நினைத்து, பாவம், வாலை விரித்து நம் தலைக்கு மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறந்தது. நீங்கள் மறுபடியும் போட்டீர்கள்.

வாசிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன். அரெங்கா இலங்கை மலைக்காட்டு ஓடைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும்தான் வெளியே வந்து இரை தேடும். அந்தக் கொஞ்ச நேரத்தையும் பிடுங்கிக்கொண்டால் குஞ்சுக்கு எப்போது ஊட்டும்? ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவானது இதற்காகவா?

வேனில் நடந்த பேச்சை இங்கே எழுதவில்லை. அண்ணியும் வாசிப்பார். உங்களுக்குக் கடன் இருப்பது எனக்குத் தெரியும். தேயிலைத் தோட்டத்தில் கூலிக்குப் பேர் பதியாமலும் பிழைக்கலாம் என்று காட்டியது நீங்கள். இந்த லயத்துப் பையனைப் பனியில் உட்காரவைத்து, மரை நடக்கும் சத்தத்தையும் பறவை இலை கிளறும் சத்தத்தையும் பிரித்துக் கேட்கப் பழக்கியதும் நீங்கள். பறவை வராத நாளில் வரவில்லை என்று சொல்லத் தைரியம் வேண்டும் என்பீர்களே, அந்தத் தைரியம் எங்கே போனது? நீயும் பக்கத்தில்தானே நின்றாய் என்பீர்கள். நின்றேன். வெள்ளைக்காரர்கள் முன்னால் உங்கள் கையைப் பிடித்துத் தடுக்க என்னால் முடியுமா?

ஐப்பசியில் ஆறுமணிக்குருவி வலசை வந்து இறங்கியதும் நுவரெலியா விக்டோரியா பூங்கா ஓடையோரம் தனியாக ஆட்களைக் கூட்டிப்போகப் போகிறேன். காஷ்மீர் ஈப்பிடிப்பானும் அங்கே வரும். வராவிட்டால் வரவில்லை என்று சொல்லிவிடுவேன். உங்கள் பழைய பைனாகுலர் என்னிடம்தான் இருக்கிறது. கேட்டு ஆள் அனுப்பாதீர்கள், தரமாட்டேன்.