ஆக்கர் கடை அண்ணன்மாருக்கு, டிவிடி லேப்டாப் விஷயமாக

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்தில் பழைய சாமான்களை எடைக்கு வாங்கும் ஆக்கர் கடை அண்ணன்மாருக்கும், பழைய லேப்டாப்பைப் பிரித்துப் பாகம் எடுக்கும் சர்வீஸ் கடைத் தம்பிமாருக்கும் வணக்கம்.

உங்களிடம் கேட்க ஒரே ஒரு காரியம்தான். டிவிடி டிரைவ் உள்ள லேப்டாப் தராசுக்கு வந்தால் உடனே சுத்தியலை எடுக்காதீர்கள். டிரைவ் திறக்கிறதா, உள்ளே வைத்த தட்டு சுற்றுகிறதா என்று பார்த்து, வேலை செய்வதைத் தனியே ஒதுக்கி வையுங்கள். வாங்க ஆள் வரும். முதல் ஆளாக நானே வருவேன்.

இந்தக் காலத்தில் யார் டிவிடி பார்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். நம்ம ஊரில் எந்த வீட்டுப் பீரோவையும் திறந்து பாருங்கள். சேலைக்கு அடியில் கல்யாண ஆல்பம் இருக்கும், அதோடு ரெண்டு டிவிடியும் இருக்கும். கேசட் போய் பென் டிரைவ் வருவதற்கு இடைப்பட்ட காலத்தில் வீடியோக்காரர்கள் எல்லாவற்றையும் தட்டில்தான் எழுதிக் கொடுத்தார்கள். கல்யாணம், பால்காய்ப்பு, முதல் நற்கருணை, கோட்டாறு சவேரியார் கோயில் தேர், கோயில் கொடைத் திருவிழாவில் விடிய விடியப் படித்த வில்லுப்பாட்டு எல்லாம் அதில் இருக்கிறது. லீவு கிடைக்காமல் துபாயிலும் மஸ்கட்டிலும் மாட்டிக்கொண்டவர்கள் சொந்தத் தங்கச்சி கல்யாணத்தையே அப்படித்தான் பார்த்தார்கள். அந்த வீட்டு டிவிடி பிளேயர் எப்போதோ கெட்டு உங்களிடமே வந்திருக்கும். புதிதாக வாங்கிய லேப்டாப்பில் தட்டுப் போட இடமே கிடையாது.

தட்டும் ஆயுசுக்கும் நிற்காது. கடையில் விற்ற படத் தட்டு அச்சில் அழுத்தி எடுத்தது. வீடியோக்காரர் எழுதிக் கொடுத்ததோ ஒரு சாயப் படலத்தின் மேல் லேசர் சுட்ட தடம். வெளிச்சத்திலும் சூட்டிலும் அந்தச் சாயம் மெல்ல மெல்லக் கெடும். ரெண்டு பருவமழையும் பெய்கிற ஊர் நம்முடையது, போதாக்குறைக்குக் கடல் காற்று வேறு. பூஞ்சை பிடித்த தட்டுகளை நானே பார்த்திருக்கிறேன். இன்னும் கொஞ்ச வருஷம் போனால் டிரைவ் இருந்தும் பிரயோஜனம் இருக்காது.

அவசரம் இதுதான். ஆனால் எனக்கு இந்த லேப்டாப்புகள் மேல் ஆசை வரக் காரணம் வேறு.

2004க்குப் பிறகு கொஞ்ச காலம் லேப்டாப் செய்கிறவர்களுக்கு ஒரு கிறுக்கு பிடித்திருந்தது. விண்டோஸ் திறந்து வருவதற்குள் டீ குடித்து முடித்துவிடலாம் என்பதால், விண்டோஸே வேண்டாம், பட்டனை அழுத்தினால் நேராகப் படம் ஓடட்டும் என்று முடிவுசெய்தார்கள். எச்பி அதற்குக் குவிக்பிளே என்று பெயர் வைத்தது, டெல் மீடியா டைரக்ட் என்றது. தோஷிபாவின் காஸ்மியோ டிவியாகவே மாறப் பார்த்தது. உள்ளே ஒளித்து வைத்த சின்ன மென்பொருள் ஒன்று தனியாக எழுந்து படத்தை ஓட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும். சில எச்பி பெவிலியன்களில் கீபோர்டுக்கு மேலே தொட்டால் நீல வெளிச்சம் வரும் பட்டன்கள், விலாவில் கூடுதல் அட்டை செருக இருக்கும் எக்ஸ்பிரஸ் கார்டு துளைக்குள் செருகி வைக்க அட்டை மாதிரி ஒரு ரிமோட்! மடியில் வைக்கிற பெட்டிக்கு எதற்கு ரிமோட் என்று யாருமே அந்த ஆபீசில் கேட்கவில்லை போலிருக்கிறது. எனக்கு அந்த ரிமோட்டைத்தான் ரொம்பப் பிடிக்கும்.

கிறுக்குக்கு விலையும் இருந்தது. மீடியா டைரக்ட் உள்ள டெல்லில் விண்டோஸை முறைப்படி போடாமல் அந்தப் பட்டனை அழுத்தினால் ஹார்ட் டிஸ்கைப் பகுதி பகுதியாகப் பிரித்து வைத்த பார்ட்டிஷனே குலைந்துபோகும். சர்வீஸ் தம்பிமாரில் மூத்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கலாம். அப்புறம் ரீஜன் கோடு, அதாவது கடையில் விற்ற படத் தட்டு எந்த நாட்டுப் பெட்டியில் ஓடலாம் என்று போட்ட எண். இந்தியா 5, வளைகுடா நாடுகள் 2. துபாயிலிருந்து அண்ணன் கொண்டுவந்த லேப்டாப்பில் இங்கே வாங்கிய ஒரிஜினல் தட்டைப் போட்டால் ரீஜனை மாற்றவா என்று கேட்கும். ஐந்து முறை மாற்றலாம், ஐந்தாவது மாற்றத்தோடு டிரைவ் அப்படியே பூட்டிக்கொள்ளும். நல்லவேளை, கல்யாண டிவிடிக்கு நாடும் இல்லை, எல்லையும் இல்லை.

இதையெல்லாம் ஒழித்தது மெலிவு மோகம். அந்த டிரைவ் மட்டுமே 12.7 மில்லிமீட்டர் கனம், பிறகு 9.5 ஆனது. 2008இல் ஆப்பிள் அதைத் தூக்கிவிட்டு மேக்புக் ஏரைக் காட்டியதும் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கைகழுவினார்கள். 2012இல் வந்த விண்டோஸ் 8 டிவிடி ஓட்டும் வசதியையே கூடவே தருவதை நிறுத்திக்கொண்டது.

யுஎஸ்பியில் செருகும் டிரைவ் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது, நகல் எடுக்க அது போதும். ஆனால் எழுபது வயது அம்மைக்கு அதைச் செருகி, படம் ஓட்டும் விஎல்சி மென்பொருளைத் திறந்து, எந்த டிரைவ் என்று தேடிக் காட்ட யார் இருக்கிறார்கள்? பிள்ளைகள் சென்னையிலும் சார்ஜாவிலும். தட்டை உள்ளே தள்ளினால் படம் வரும் பெட்டி ஒன்று அந்த வீட்டில் இருக்கட்டும் என்கிறேன். பேட்டரி செத்திருந்தாலும் பரவாயில்லை, ஒயரைச் செருகி வைத்தால் ஓடும்.

லேப்டாப் முழுசாகப் போய்விட்டது என்றாலும் டிரைவைக் காப்பாற்றலாம். பெரும்பாலான மாடல்களில் அடியில் ஒரே ஒரு ஸ்க்ரூ. அதைக் கழற்றினால் டிரைவ் பக்கவாட்டில் வழுக்கி வந்துவிடும். சாட்டா என்ற வகை இணைப்புப் பின் உள்ளதாக இருந்தால் யுஎஸ்பி கூடு ஒன்றில் மாட்டி மறுபடி ஓட்டலாம். தட்டு உள்ளேயே சிக்கிக் கிடந்தால் உடைக்க வேண்டாம். முன்பக்கம் ஊசி போகும் அளவு ஓட்டை இருக்கும், பேப்பர் கிளிப்பை நிமிர்த்திக் குத்தினால் திறக்கும். உள்ளே யாருடைய கல்யாணம் இருக்கிறதோ, கொண்டுவந்தவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ரெண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். வீங்கிய பேட்டரியை அடுக்கி வைக்காதீர்கள், வெயிலிலும் போடாதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்கை அழிக்காமல் யாருக்கும் விற்காதீர்கள், அதில் வீட்டுக்காரர்களின் போட்டோவும் பாங்குக் காகிதமும் இருக்கும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. எடைக்கு எடுத்ததை எடைக்கே தரச் சொல்லவில்லை. ஓடுகிற லேப்டாப்புக்கு நியாயமாக என்ன வருமோ அதை வையுங்கள், கொஞ்சம் பேரம் பேசிவிட்டு வாங்கிக்கொள்கிறேன். அந்த அட்டை ரிமோட் எதிலாவது செருகியபடியே வந்தால், அதற்கு மட்டும் பேரம் பேச மாட்டேன்.

இப்படிக்கு,
தக்கலையிலிருந்து உங்கள் வாடிக்கையாளன்