பெட்டியின் கீல்

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "நான் வரையறதெல்லாம் காசுக்குத்தான்ப்பா. இதைப் போய் யார்கிட்டயும் கலைன்னு சொல்லாதீங்க" என்றாய். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதற்குள் அம்மா போனை வாங்கிவிட்டாள். நான்கு நாள் யோசித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

போன் விளையாட்டுக்குப் படம் வரைகிற வேலை, காசுக்குத்தான் வரைகிறாய், சரி. நானும் காசுக்குத்தான் வரைந்தேன், முப்பத்தொரு வருஷம். இந்த வீட்டின் மாடி, உன் காலேஜ் பீஸ், அம்மாவின் கண் ஆபரேஷன் எல்லாமே காலண்டர் சாமிகள் கொடுத்தவைதான். ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த வருஷத்துக்கான காலண்டர் ஆல்பம் வெளியாகும். அதற்கு முந்தைய மாதங்களில் நீ எத்தனை நாள் என் பலகைக்குக் கீழே படுத்துத் தூங்கியிருக்கிறாய்! அச்சகத்திலிருந்து வருகிறவர் என்ன சொல்வார் என்பதும் உனக்குப் பாடம்தான். முகம் சிரிக்க வேண்டும், நகை கூடுதலாக வேண்டும், உள்ளங்கையிலிருந்து காசு கொட்ட வேண்டும், கடைப் பெயருக்கும் தேதித்தாள் கட்டுக்கும் கீழே இடம் விட வேண்டும். நான் மாட்டேன் என்று சொன்னதில்லை. மஞ்சள் தூக்கலாக வேண்டும் என்றாலும் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் தொழிலுக்கு மூத்தவர் கொண்டையராஜு ஐயா. சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனிக்குச் சீன் படுதா எழுதப் போனார். அந்தக் கம்பெனி கலைந்தபோது நம் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். 1976இல் அவர் காலமான பிறகுதான் நான் தூரிகையே பிடித்தேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய சீடர் ஒருவர். அவர்கள் வரைந்ததும் விற்பனைக்குத்தான். ஆனால் ஐயாவின் மீனாட்சி திருக்கல்யாணப் படத்தைப் பார், அம்பாளின் அந்தக் குனிந்த முகத்தை யாரும் காசு கொடுத்துக் கேட்டிருக்க முடியாது. பல படங்களில் தம் பெயரோடு சீடர் பெயரையும் சேர்த்துப் போட்டிருக்கிறார் பார்த்தாயா? எனக்கு அதில் இன்றைக்கும் மரியாதை உண்டு.

என் கை தவறிய கதை ஒன்று இருக்கிறது. உன்னிடம் சொன்னதில்லை. உன் அத்தை கல்யாணத்துக்குப் பணம் வேண்டியிருந்த வருஷம், இருபது நாளில் பதினொரு படம் ஒப்புக்கொண்டேன். பழைய படத்திலிருந்து முகத்தை எடுத்து, வேறொன்றிலிருந்து கையை எடுத்து ஒட்டுப்போட்டேன். அதில் ஒரு சரஸ்வதி. வீணைக்கு ஏழு தந்தி. வாசிக்க நான்கு, பக்கவாட்டில் தாளத்துக்கு மூன்று. நான் ஐந்தோடு நிறுத்திவிட்டேன். அச்சகத்தில் யாரும் கவனிக்கவில்லை, படமும் நன்றாகவே விற்றது. அடுத்த தை மாதம் ஒரு பாட்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். சுவரில் அந்தப் படம். நான் வரைந்தது என்று அவருக்குத் தெரியாது. "பாவம், கலைவாணிக்கே தந்தி அறுந்த வீணைதான் கிடைத்திருக்கிறது" என்றார். காபியைக் குடிக்க முடியவில்லை, தாயி.

காசுக்கு வரைந்ததால்தான் அப்படி ஆனது என்று வெகுநாள் என்னையே திட்டிக்கொண்டேன். அதே காசுக்குத்தானே மற்ற வருஷங்களில் ஒவ்வொரு தந்தியையும் எண்ணி எண்ணி இழுத்தேன்? அந்த இருபது நாள் நான் படத்தைப் பார்க்கவே இல்லை, நாட்கணக்கை மட்டும் பார்த்தேன். அதுதான் நடந்தது.

நீ ஆறாவது படிக்கும்போது கழுகுமலைக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? வெட்டுவான் கோவில். பாண்டியர் காலத்தில் மலையை மேலிருந்து குடைந்து வந்து, பாதியில் நின்றுபோன கோவில். தெற்கு முகத்தில் தட்சிணாமூர்த்தி வர வேண்டும் என்பது விதி. அதை மாற்ற எந்தச் சிற்பிக்கும் உரிமை கிடையாது. ஆனால் அங்கே இருக்கிற தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறார். நீதான் அதை முதலில் காட்டினாய். செதுக்கியவன் பெயர் யாருக்கும் தெரியாது. அவனுக்கும் ஒருவர் படியளந்திருப்பார், வேலையை முடி என்று அவசரப்படுத்தியிருப்பார். அந்த மிருதங்கம் அவன் சொந்த ஆசை என்றுதான் நான் நம்புகிறேன்.

உனக்கு எல்லாம் சுகமாக இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே புதையல் பெட்டியை நாற்பது நிறத்தில் வரைவது சலிப்புத்தான். எனக்கு ஒரு படத்துக்கு ஒரே தடவைதான் காசு. அதே படத்தை அவர்கள் பத்து வருஷம் அச்சடித்தார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு என் முருகனின் தலையை எடுத்து வேறு உடம்பில் வைத்தார்கள். கேட்கத் தெரியாமல் இருந்துவிட்டேன். நீ கேள். ஒப்பந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. உன் பெயர் எங்காவது வருமா என்றும் கேள், தப்பே இல்லை. அங்கே இருக்கவே முடியவில்லை என்றால் வேலையை விட்டுவிட்டு வா, நாங்கள் இருக்கிறோம். ஆனால் வரைந்ததற்கு வெட்கப்பட்டு விடாதே.

எட்டயபுரத்துப் பெரியம்மா வீட்டு அடுப்படியில் என் 1987ஆம் வருஷத்து முருகன் இருக்கிறான். தேதித்தாள் எல்லாம் கிழிந்து முடிந்ததும் படத்தை மட்டும் வெட்டிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். கீழே மளிகைக் கடையின் பெயர் பாதி தெரியும். முப்பது வருஷத்துக்கு மேலாக அதற்குத்தான் காலையில் விளக்கேற்றுகிறாள். போன வாரம் போனபோது மயிலின் கழுத்தைப் பார்த்தேன். மூன்று நீலம் கலந்திருக்கிறேன். அச்சில் இரண்டுதான் தெரிகிறது.

அன்றைக்குப் போனில் இன்னொன்றும் சொன்னாய், சொன்னதை மறந்திருப்பாய். அந்தப் பெட்டியின் கீல் சரியாக வரவில்லை என்று இரண்டு நாள் திரும்பத் திரும்ப வரைந்ததாக. போன் திரையில் அந்தப் பெட்டி நகத்தளவுதான் தெரியும் என்றும் நீயே சொன்னாய். அப்படியென்றால் கீலுக்கு இரண்டு நாள் யார் கேட்டது?

அம்மா கடலை மிட்டாய் இரண்டு பாக்கெட் அனுப்புகிறாள், அறைத் தோழிக்கும் கொடு. பொங்கலுக்கு வரும்போது அந்தப் பெட்டியைப் பெரிய தாளில் அச்செடுத்து வா. கீலைப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா