புயலுக்கு முன்பே வேர் அறுபடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது சாலையோர மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. குல்மோகர், தூங்குமூஞ்சி போன்ற வெளிநாட்டு மரங்கள்தான் காற்றுக்குத் தாங்காது, வேம்பும் புங்கனும் வைத்தால் போதும் என்று அன்று முதல் பேசி வருகிறோம். அதில் உண்மை உண்டு. ஆனால் அது பாதி உண்மை.

எங்கள் தெருவில் நடைபாதை போட்டபோது வேம்பின் அடிமரத்தை ஒட்டி சிமென்ட் பூசிவிட்டார்கள். ஒரு பக்கம் வடிகாலுக்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டி, கை பருமன் வேர்களை வெட்டி எறிந்தார்கள். போதாக்குறைக்கு மின்கம்பியில் உரசுகிறது என்று அந்தப் பக்கக் கிளைகளை மட்டும் கழித்ததில், மரம் சாலைப் பக்கமாகப் பாரம் சாய்ந்து நிற்கிறது. மழையில் மண் இளகிய பிறகு பலத்த காற்று அடித்தால், நாட்டு மரமானாலும் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்காவது மண் திறந்திருக்க வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே டெல்லிக்கு உத்தரவிட்டது. அதை இங்கேயும் கடைப்பிடிக்கலாமே! பள்ளம் தோண்ட அனுமதி தரும்போதே, தடித்த வேரை வெட்டக்கூடாது என்ற நிபந்தனையை ஒப்பந்தக்காரருக்கு விதிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, விவரம் தெரிந்தவர்களைக் கொண்டு கிளைகளைச் சமமாகக் கழித்துவிட வேண்டும்.

– ஒரு வாசகர், வேளச்சேரி, சென்னை